டவரில் 64, ஃபோனில் 4, ரவுட்டரில் 2: ஆன்டெனா கூடினால் வேகம் கூடுமா?

#1 நாவலூர்_ஒன்பதாம்மாடி

வணக்கம். நாவலூரில் 9-ஆவது மாடி ஃப்ளாட். சிம் போடுற 4ஜி ரவுட்டர், பின்னாடி வெளி ஆன்டெனா திருகுற ரெண்டு எஸ்.எம்.ஏ. போர்ட். ரவுட்டர் பக்கத்தில் தெரியுற அளவுகள்: பேண்ட் 3 (1800 மெகாஹெர்ட்ஸ்), ஆர்.எஸ்.ஆர்.பி. (சிக்னல் பலம்) மைனஸ் 101, எஸ்.ஐ.என்.ஆர். (இரைச்சலோடு ஒப்பிட்டா சிக்னல் எவ்வளவு) 5, ரேங்க் (ஒரே நேரத்தில் வர்ற தரவோட்டங்கள்) எப்பப் பார்த்தாலும் 1. பால்கனிக்கு நேர் எதிரே சுமார் 700 மீட்டரில் டவர் கண்ணுக்கே தெரியுது. ரவுட்டர் ஹாலில் இருக்கு, நடுவில் முழு உயரக் கண்ணாடிக் கதவு.

மூணு கேள்வி:

1. பால்கனியில் நல்லதா ஒரு ஆன்டெனா போட்டா போதாதா? எதுக்கு ரெண்டு?
2. டவரில் 64 ஆன்டெனாங்கிறாங்க, ஃபோனில் 4. அப்ப வேகம் ஏன் அந்தக் கணக்கில் ஏறல?
3. ரிச்சி தெருவில் "மைமோ 12 டி.பி.ஐ." னு கையளவு குச்சி ஆன்டெனா ஜோடியா விக்குது. வாங்கலாமா?

#2 ஃபீடர்_ஜம்பர்

மூன்றாவது கேள்விக்கு முதலில்: வாங்காதீங்க.

சுற்றிலும் சமமாகப் பரப்பும் குச்சி ஆன்டெனாவின் கெய்ன், அதாவது அலையைக் குவிக்கும் அளவு, அதன் நீளத்தைப் பொறுத்தது. தோராயக் கணக்கு, நீளத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுப்பது. 1800-இல் அலைநீளம் 16.7 செ.மீ. 12 டி.பி.ஐ. என்பது 16 மடங்கு. அதற்கு 1.3 மீட்டர் நீளத்தில் கம்பம் வேண்டும். 20 செ.மீ. குச்சியை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் 4 டி.பி.ஐ. பக்கம்தான் நிற்கும். அட்டைப்பெட்டியில் அச்சடித்த 12-க்குச் செலவு மை மட்டுமே.

இன்னொரு பொறி: வைஃபை ஆன்டெனாக்களின் முனை ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. மரை ஒன்றுதான், அதனால் உங்கள் ரவுட்டரில் அழகாகத் திருகி ஏறிவிடும். ஆனால் நடுவில் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு பக்கமும் ஓட்டை. தொடர்பே இருக்காது. சிக்னல் முன்பைவிடக் குறையும், காரணம் வெளியே தெரியாது. எதை வாங்கினாலும் ஆன்டெனா பக்க முனையில் ஊசி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

#3 அலைநீளம்

முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். "ஆன்டெனா கூடினால் நல்லது" என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனி லாபங்கள் ஒளிந்திருக்கின்றன. மூன்றும் வேறு வேறு சூழலில் கிடைப்பவை. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம்.

ஒன்று, மங்கலைச் சமாளிப்பது. டவரிலிருந்து வரும் அலை கட்டடம், பஸ், தண்ணீர்த்தொட்டி என்று பலவற்றில் மோதிப் பல பாதைகளில் வருகிறது. சில இடங்களில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அடுத்த நல்ல இடம் அரை அலைநீளம் தள்ளி இருக்கும், 1800-இல் 8 செ.மீ.தான். எல்லாப் பாதையும் சிதறி வரும் சூழலில், சிக்னல் தன் சராசரியைவிட 20 டி.பி. கீழே, அதாவது நூறில் ஒரு பங்காக, விழ 100-இல் 1 வாய்ப்பு. ஒன்றையொன்று சாராத ரெண்டு ஆன்டெனா இருந்தால், ரெண்டும் ஒரே நேரத்தில் விழ 10,000-இல் 1. இது வேகத்தை ஏற்றுவதைவிட, இணைப்பு அறுந்துபோவதைத் தடுக்கிறது. டவர் பக்கம் ரெண்டு ஆன்டெனாவிலிருந்து அனுப்பியும் இதே லாபத்தை எடுக்கலாம். அதற்கான எளிய குறியீட்டைப் பொறியாளர் அலமௌட்டி 1998-இல் எழுதினார், 4ஜியில் சிக்னல் மோசமாகும்போது டவர் பின்வாங்கி நிற்பது அதன் ஒரு வடிவத்தில்தான்.

இரண்டு, சேர்த்து வாங்குவது. ரெண்டு ஆன்டெனாவில் வருவதைக் கட்டம் பொருத்திக் கூட்டினால் 3 டி.பி. கூடும். 64 ஆன்டெனா என்றால் 18 டி.பி.

மூன்று, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் ரெண்டு வேறு தரவோட்டங்கள் அனுப்புவது. வேகத்தை இரட்டிப்பாக்குவது இது ஒன்றுதான், மைமோ என்று பொதுவாகச் சொல்வதும் இதைத்தான். நீங்கள் பார்க்கும் ரேங்க் இதன் எண்ணிக்கை. ரேங்க் 1 என்றால் ஒரே ஓட்டம், மற்ற ஆன்டெனா முதல் இரண்டு லாபத்துக்கு மட்டும் உழைக்கிறது.

ஆனால் ரெண்டு ஓட்டம் அனுப்பினால் டவரின் சக்தி பாதி பாதியாகப் பிரியும். அதிகபட்ச வேகத்தைச் சொல்லும் ஷானன் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். எஸ்.என்.ஆர். (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) 20 டி.பி. இருந்தால் ஒரு ஓட்டம் ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 6.66 பிட். பாதிச் சக்தியில், ஒன்றோடொன்று கலக்காத ரெண்டு ஓட்டம் சேர்ந்து 11.3 பிட். அதாவது 70 சதவீதம் கூடுதல். அதே எஸ்.என்.ஆர். 0 டி.பி. ஆனால் ஒரு ஓட்டம் 1 பிட், ரெண்டு ஓட்டம் 1.17 பிட். அந்த 17 சதவீதமும் ஓட்டங்கள் துளிகூடக் கலக்காவிட்டால்தான். நிஜத்தில் கலக்கும், நஷ்டமாகிவிடும். அதனால்தான் உங்கள் ரவுட்டரே "எனக்கு ஒரு ஓட்டம் போதும்" என்று டவருக்கு அறிக்கை அனுப்புகிறது. 5 டி.பி.யில் அது செய்வது சரியான காரியம்.

நடைமுறையில் எஸ்.ஐ.என்.ஆர். 10, 12-ஐத் தாண்டிய பிறகே ரேங்க் 2 நிலையாக நிற்கும்.

கொசுறு: ஒரே அலைவரிசையில் பல ஓட்டம் அனுப்பும் இந்த யோசனைக்கு 1992-இல் காப்புரிமை கேட்டவர்கள் ஆரோக்கியசாமி பால்ராஜும் தாமஸ் கைலாத்தும். 1994-இல் கிடைத்தது. பால்ராஜ் நம் பொள்ளாச்சியில் பிறந்தவர், இந்தியக் கடற்படையில் சோனார் வேலை பார்த்துவிட்டு ஸ்டான்ஃபோர்டு போனவர். 2014-இல் மார்கோனி பரிசு வாங்கினார்.

#4 நாவலூர்_ஒன்பதாம்மாடி

நன்றி சார். ஆனா டவர் கண்ணுக்கு எதிரே இருக்கே? 700 மீட்டரில் எஸ்.ஐ.என்.ஆர். ஏன் 5-லயே நிக்குது?

#5 ஃபீடர்_ஜம்பர்

மூணு காரணம் சேர்ந்திருக்கு.

அ) கண்ணாடி. புதிய அடுக்ககங்களில் வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுள்ள கண்ணாடி போடுவது வழக்கமாகிவிட்டது. கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் மாதிரிக் கணக்கில் அப்படிப்பட்ட கண்ணாடியின் இழப்பு 23 கூட்டல் 0.3 பெருக்கல் கிகாஹெர்ட்ஸ். 1800-க்கு 23.5 டி.பி. கான்கிரீட்டுக்கு 5 கூட்டல் 4 பெருக்கல் கிகாஹெர்ட்ஸ், அதாவது 12 டி.பி. சாதாரணக் கண்ணாடிக்கு 2.4 மட்டும். பூச்சுக் கண்ணாடி கான்கிரீட் சுவரைவிட மோசம்! கதவை முழுக்கத் திறந்துவிட்டு ஆர்.எஸ்.ஆர்.பி. பாருங்கள். 15 டி.பி.க்கு மேல் ஏறினால் உங்களுடையது பூச்சுக் கண்ணாடிதான்.

ஆ) உயரம். 30 மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா 6 டிகிரி குனிந்திருக்கிறது என்று வையுங்கள். அதன் நடுக்கதிர் 285 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். 9-ஆவது மாடி கிட்டத்தட்ட ஆன்டெனா உயரத்திலேயே இருக்கிறது, நடுக்கதிருக்கு 6 டிகிரி மேலே. செங்குத்துக் கதிரகலம் 7 டிகிரி என்றால் அங்கே சுமார் 9 டி.பி. குறைவு. கண்ணுக்குத் தெரிவதும் கதிர் விழுவதும் வேறு வேறு.

இ) அதே உயரத்தில் மறைப்பு இல்லை. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் இருக்கும் எல்லா டவரும் உங்களுக்கு லேசாகக் கேட்கும். அத்தனையும் இரைச்சல். தரைத்தளத்துக்காரருக்கு நடுவில் நிற்கும் கட்டடங்கள் அந்த இரைச்சலைத் தடுத்துவிடும்.

அதனால் உங்களுக்கு வேண்டியது சிக்னலைக் கூட்டும் ஆன்டெனாவைவிட, மற்ற திசைகளைக் காதில் போட்டுக்கொள்ளாத ஆன்டெனா. தட்டை பேனல்.

#6 முழுசிக்னல்

ப்ரோ இவ்ளோ கணக்கு எதுக்கு. ஆன்லைன்ல பூஸ்டர் கிடைக்குது, மொட்டைமாடில ஒரு ஆன்டெனா, ஹால்ல ஒண்ணு. ஃபுல் பார் வரும், வேலை முடிஞ்சுது.

#7 அலைநீளம்

பார் வரும், வேகம் வராது. அந்தப் பூஸ்டரில் ஒரு கேபிள், ஒரு பெருக்கி. டவரின் ரெண்டு ஓட்டமும் அந்த ஒற்றைக் கம்பிக்குள் ஒன்றாகக் கலந்துவிடும். ரெண்டு பேர் பேசுவதை ஒரே மைக்கில் பிடித்தால் பிறகு பிரிக்க முடியாது, அதே கதை. ஹாலில் நாலு ஆன்டெனா உள்ள ஃபோனை வைத்தாலும் வருவது ஒரே மூலத்திலிருந்து, ரேங்க் 1-ஐத் தாண்டாது. அதோடு பெருக்கி தன் சொந்த இரைச்சலையும் சேர்க்கும். ஆர்.எஸ்.ஆர்.பி. மைனஸ் 70, எஸ்.ஐ.என்.ஆர். 4 என்று காட்டினால் அங்கே பூஸ்டர் இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

#8 நெறியாளர்

அனுமதியில்லாத பூஸ்டர், ரிப்பீட்டர் வைப்பது நம் நாட்டில் சட்டவிரோதம். ஃபோனிலிருந்து டவருக்கு மேலேறும் அலைவரிசையில் அவை கொட்டும் இரைச்சலால் அந்தத் தெரு முழுவதற்கும் அழைப்பு கெடும். வாங்கும் சுட்டிகளை இங்கே போட வேண்டாம், போட்டால் நீக்கப்படும். ரவுட்டரோடு சேரும் வெறும் ஆன்டெனா வேறு விஷயம், அது எதையும் பெருக்கி மறுபடி பரப்புவதில்லை.

#9 கேளம்பாக்கம்_கேபிள்

ரெண்டு தனி ஆன்டெனாவை ஒரு மீட்டர் தள்ளி வெச்சா மைமோ கிடைச்சிடும்னு ஒரு வீடியோவில் சொல்றாங்க. அரை அலைநீளமே போதும்னா ஒரு மீட்டர் தாராளம்தானே?

#10 அலைநீளம்

சிதறல் நிறைந்த இடத்துக்கு அது சரி. தி.நகர், சௌகார்பேட்டை மாதிரி நெருக்கத்தில், தரைமட்டத்தில், டவர் கண்ணில் படாத இடத்தில் ரெண்டு ஆன்டெனாவுக்கும் வேறு வேறு பாதைகள் வந்து சேரும். கைபேசிக்குள் சில செ.மீ. இடைவெளியே போதுமானதாக இருப்பதும் இதனால்தான்.

நேர்ப்பார்வையில் கதை மாறுகிறது. ஒரே பலமான பாதை, ரெண்டு ஆன்டெனாவும் ஏறக்குறைய ஒன்றையே கேட்கும். அதைப் பிரிக்க வேண்டுமானால் டவர்ப்பக்க இடைவெளியையும் வீட்டுப்பக்க இடைவெளியையும் பெருக்கினால், அலைநீளம் பெருக்கல் தூரம் வகுத்தல் 2 வர வேண்டும். 1800-இல், ஒரு கிலோமீட்டருக்கு 83 சதுரமீட்டர். ரெண்டு பக்கமும் தலா 9 மீட்டர்! 3500 மெகாஹெர்ட்ஸிலும் தலா 6.5 மீட்டர். பால்கனியில் நடக்காது, டவரிலும் நடக்காது.

ஆக, மிஞ்சுவது போலரைசேஷன், அதாவது அலை அதிரும் சாய்வு. டவர் ஆன்டெனாவின் ஒரே உறைக்குள் கூட்டல் 45 டிகிரி, கழித்தல் 45 டிகிரி என்று ரெண்டு சாய்வில் தனிமங்கள் இருக்கும், தனித்தனி போர்ட். உங்கள் பக்கமும் அப்படியே ரெண்டு சாய்வு இருந்தால் ரெண்டு ஓட்டமும் தானாகப் பிரியும், தூரமே தேவையில்லை. சிதறல் குறையக் குறையப் பிரிவு இன்னும் சுத்தமாக இருக்கும். நேர்ப்பார்வையில் ரேங்க் 2 தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அலைக்குச் செங்குத்தான சாய்வு ரெண்டே ரெண்டுதான் என்பதால் ரேங்க் 4-ஐ எதிர்பார்க்காதீர்கள்.

#11 ஃபீடர்_ஜம்பர்

அதைச் செய்முறையாகச் சொல்லிவிடுகிறேன், ஒன்பதாம்மாடிக்காரருக்காக.

வாங்க வேண்டியது: ஒரே உறையில் ரெண்டு சாய்வு உள்ள பேனல், 1700 முதல் 2700 வரை, ரெண்டு கேபிள். 9 டி.பி.ஐ. பக்கம் இருந்தால் போதும், கதிரகலம் 60, 70 டிகிரி இருக்கும். பேனல் கிடைக்காவிட்டால் மீன்முள் வடிவ லாக் பீரியாடிக் ரெண்டு, ஒன்றை வலப்பக்கம் 45 டிகிரி, மற்றதை இடப்பக்கம் 45 டிகிரி சாய்த்து ஒரே குழாயில் கட்டலாம். ரெண்டையும் நிமிர்த்தி வைத்தால் காசுக்கும் கேடு, ரேங்க் 1.

கேபிள்தான் எல்லாரும் ஏமாறும் இடம். 1800-இல் மீட்டருக்கு இழப்பு: ஆர்.ஜி. 58-இல் கிட்டத்தட்ட 1 டி.பி., எல்.எம்.ஆர். 200-இல் 0.48, எல்.எம்.ஆர். 400-இல் 0.2. ஹால் வரை 6 மீட்டர் ஆர்.ஜி. 58 இழுத்தால் 9 டி.பி.ஐ.யில் முக்கால்வாசி கெய்ன் கம்பியிலேயே சூடாகிப் போகும். கோஆக்ஸை (இந்த ஆன்டெனா கேபிளை) நீட்டாதீர்கள், ஈதர்நெட்டை நீட்டுங்கள். ரவுட்டரை பால்கனிக் கதவுக்கு உட்பக்கம் வைத்து, ரெண்டு மீட்டர் எல்.எம்.ஆர். 200 போதும். ஹாலுக்கு ஈதர்நெட் 100 மீட்டர்வரை தாங்கும்.

பிறகு இந்த வரிசையில்:

ரவுட்டர் அமைப்பில் ஆன்டெனாத் தேர்வு இருந்தால் "வெளி" என்று மாற்றுங்கள். சில மாடல்களில் தானாக மாறாது.

ரெண்டு கேபிளும் ஒரே நீளம், ஒரே வகை.

எஸ்.எம்.ஏ. முனையைக் கையால் இறுக்கி, 8 மி.மீ. ஸ்பேனரால் எட்டில் ஒரு சுற்று. அதற்குமேல் போனால் ரவுட்டர் பலகையில் பற்றாசு விட்டுவிடும்.

பேனலை டவர் பக்கம் திருப்பி 10 டிகிரியாக நகர்த்துங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிஷம் பொறுத்து எஸ்.ஐ.என்.ஆர். குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.எஸ்.ஆர்.பி.யைப் பார்த்துத் திருப்பாதீர்கள். சில நேரம் டவரைவிட்டு 15, 20 டிகிரி விலகி வைத்தால் பின்னால் இருக்கும் இன்னொரு செல் (வேறொரு டவரின் அலைபரப்பு) கதிருக்கு வெளியே போய் எஸ்.ஐ.என்.ஆர். ஏறும்.

வெளியே இருக்கும் முனைகளுக்கு ஒன்றோடொன்று ஒட்டி இறுகும் ரப்பர் டேப்பைப் பாதி பாதி மேலேற்றிச் சுற்றி, அதன்மேல் சாதாரண மின் டேப். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், மழைநீர் அதன் அடியில் சொட்டட்டும். வடகிழக்குப் பருவமழையில் முனைக்குள் ஏறிய தண்ணீர் கோடைவரை போகாது.

#12 நாவலூர்_ஒன்பதாம்மாடி

கதவைத் திறந்ததும் 18 டி.பி. ஏறிச்சு. பூச்சுக் கண்ணாடிதான்! பேனல் சொல்லியாச்சு. அதுவரை ரெண்டாவது கேள்விக்கு யாராவது…

#13 சுழியம்_டிகிரி

64 என்பது சுயமாக அனுப்பி வாங்கும் சங்கிலிகளின் எண்ணிக்கை, 64டி64ஆர் என்று எழுதுவார்கள். உறைக்குள் தனிமங்கள் வழக்கமாக 192: 8 நெடுவரிசை, 12 கிடைவரிசை, ரெண்டு சாய்வு. செங்குத்தாக மூன்று தனிமம் ஒரு சங்கிலிக்கு, ஆக 8 பெருக்கல் 4 பெருக்கல் 2. அத்தனையும் சேர்ந்து உங்களுக்கு 64 ஓட்டம் அனுப்பாது. ஓட்டங்களின் எண்ணிக்கை ரெண்டு பக்கத்தில் எது சிறியதோ அதைத் தாண்டாது. ஃபோனில் 4 என்றால் அதிகபட்சம் 4. 3500-இல் ஃபோனுக்கு 4 வாங்கி ஆன்டெனா கட்டாயம் என்பது 3ஜிபிபி விதி.

மிச்சம் 60 என்ன செய்கிறது? ரெண்டு வேலை.

ஒன்று, சக்தியை ஊசிபோலக் குவிப்பது. 200 வாட் என்பது 53 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டி.பி.), வரிசையின் கெய்ன் சுமார் 25 டி.பி.ஐ., கதிரின் உச்சியில் 78 டி.பி.எம். 3500-இல் கான்கிரீட் இழப்பு 19 டி.பி. ஆகிவிடுகிறது. இந்தக் குவிப்பு இல்லாவிட்டால் 1800-க்குப் போட்ட டவர் இடைவெளியில் 5ஜி வீட்டுக்குள் வராது.

இரண்டு, ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் வேறு வேறு ஆட்களுக்கு அனுப்புவது. சேப்பாக்கம் கேலரியில் ஒரு ஓரத்தில் இருப்பவருக்கும் எதிர் ஓரத்தில் இருப்பவருக்கும் கோணம் வேறு, கதிரைப் பிரித்துவிடலாம். நடைமுறையில் 8 முதல் 16 ஓட்டம்வரை இப்படிப் பங்கிடுவார்கள். இதில் தனி ஆளின் உச்ச வேகம் ஏறாது, செல்லின் மொத்தக் கொள்ளளவுதான் ஏறும். ராத்திரி 2 மணிக்கு வேகச் சோதனை போட்டால் 64டி-க்கும் 8டி-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். சாயங்காலம் 8 மணிக்குத் தெரியும்.

என் கருத்து ஒன்று: சென்னையின் பெரும்பகுதிக்கு 32டி-யே போதும். 32டி-யில் கிடைமட்ட நெடுவரிசை அதே 8, செங்குத்தில் மட்டும் 4-க்குப் பதில் 2. ரெண்டு மூணு மாடி வீடுகள் நிறைந்த அம்பத்தூர், மடிப்பாக்கம் மாதிரி இடத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே செங்குத்துக் கோணத்தில் இருக்கிறார்கள், மேல்கீழ் பிரிக்க வேலையே இல்லை. நாவலூர், சிறுசேரி அடுக்ககங்களுக்கு 64டி அர்த்தமுள்ளது. ஒன்பதாம்மாடிக்காரரின் 9 டி.பி. குறைவை அது கதிரை நிமிர்த்தியே ஈடுகட்டிவிடும்.

#14 கேளம்பாக்கம்_கேபிள்

அப்படின்னா 700 மெகாஹெர்ட்ஸிலும் 64 போட்டா வீட்டுக்குள்ள பிச்சுக்கிட்டு வருமே? ஏன் போடல?

#15 சுழியம்_டிகிரி

அளவு. தனிமங்களுக்கு இடையே அரை அலைநீளம் வேண்டும். 3500-இல் அது 4.3 செ.மீ., 8 நெடுவரிசை 34 செ.மீ. அகலத்தில் முடிந்தது. 700-இல் அரை அலைநீளம் 21 செ.மீ. அதே வரிசை 1.7 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டருக்குக் குறையாத உயரப் பலகை ஆகிவிடும். 2016 டிசம்பரில் வர்தா அடித்த ஊர் இது. மொட்டைமாடிக் கம்பத்தில் அப்படி ஒரு பாய்மரத்தை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். 700-இல் 2, 4 ஆன்டெனாதான்.

#16 மின்ரயில்_3500

பீச்–தாம்பரம் ரயிலில் 5ஜி சின்னம் இருக்கும், வேகம் மட்டும் படுத்துக்கும். இதுவும் ஆன்டெனா விஷயமா, கூட்டமா?

#17 அலைநீளம்

ரெண்டும். கூட்டத்தை விட்டுவிட்டு ஆன்டெனாவை மட்டும் பார்க்கலாம்.

டவர் உங்கள் பக்கம் கதிரைக் குவிக்க, உங்கள் ஃபோன் அவ்வப்போது அனுப்பும் எஸ்.ஆர்.எஸ். என்ற அடையாள சிக்னலை அளக்கிறது. அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் ஒரே அலைவரிசை என்பதால் வந்த பாதையே போகும் பாதை. அந்த அளவு 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை என்று வையுங்கள். ரயில் மணிக்கு 60 கி.மீ. என்றால் அதற்குள் 33 செ.மீ. நகர்ந்துவிட்டீர்கள். 3500-இல் அலைநீளம் 8.6 செ.மீ., ஆக நாலு அலைநீளம். டவர் கையில் இருக்கும் கணக்கு நீங்கள் கடந்துவந்த இடத்துக்கானது. திசை பெரிதாக மாறாததால் அகலமான கதிர் தாங்கும். ஆட்களுக்கிடையே ஓட்டங்களைப் பிரிக்கும் நுட்பமான கணக்குதான் முதலில் உடையும், அதனால் டவர் ஓட்டங்களைக் குறைத்துவிடும். 4ஜியிலும் இதே காரணத்துக்காகவே, வேகமாக நகர்பவரிடம் துல்லியமான பின்னூட்டம் கேட்காத முறைக்கு மாறுகிறார்கள்.

பெட்டியின் நடுவில், கூட்டத்துக்குள் இருந்தால் ஃபோனின் 23 டி.பி.எம். டவரை எட்டுவதே கஷ்டம். எஸ்.ஆர்.எஸ். கேட்காவிட்டால் டவர் தயாராக வைத்திருக்கும் பட்டியலிலிருந்து "இந்தக் கதிர் சுமாராகச் சரி" என்று ஃபோன் சொல்லும் எண்ணை வைத்து ஓட்டும். அது எப்போதும் கொஞ்சம் மட்டம்தான்.

#18 நாவலூர்_ஒன்பதாம்மாடி

பேனல் மாட்டியாச்சு. ரவுட்டரில் ஆன்டெனாவுக்கு ஆன்டெனா தனி அளவு காட்டுற பக்கம் இருக்கு. முதல் போர்ட் மைனஸ் 77, ரெண்டாவது மைனஸ் 91. எஸ்.ஐ.என்.ஆர். 14. ரேங்க் 2 எட்டிப்பார்த்துட்டு உடனே 1-க்குப் போயிடுது.

#19 ஃபீடர்_ஜம்பர்

14 டி.பி. வித்தியாசம் இயற்கையாக வராது. 3, 4 வரை பொறுக்கலாம். 6-ஐத் தாண்டினால் ரெண்டாவது ஓட்டம் நொண்டும்.

கண்டுபிடிக்க மாற்றிப்பார்ப்பதே வழி. ரவுட்டர் முனையில் ரெண்டு கேபிளையும் இடம் மாற்றுங்கள். மைனஸ் 91 அதே போர்ட்டில் நின்றால் ரவுட்டர் பழுது. கேபிளோடு அடுத்த போர்ட்டுக்குப் போனால் கேபிளோ பேனலோ. பேனல் பக்கம் கழற்றக்கூடிய முனை என்றால் அங்கேயும் இடம் மாற்றினால் எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கிரிம்ப் செய்த முனையில் நடு ஊசி உள்வாங்கியிருக்கும், அல்லது வலைக்கம்பி இழை ஒன்று ஊசியைத் தொட்டுக்கொண்டிருக்கும். மல்டிமீட்டரில் ஊசிக்கும் ஊசிக்கும் தொடர்பு இருக்க வேண்டும், ஊசிக்கும் உறைக்கும் இருக்கக் கூடாது. இதைக் கேபிளைத் தனியாகக் கழற்றி வைத்து அளங்கள். பல ஆன்டெனாக்கள் நேர்மின்னோட்டத்துக்கு உள்ளேயே ஷார்ட்டாகத்தான் காட்டும், பயப்பட வேண்டாம்.

டவரிலும் கிட்டத்தட்ட இதே நோய்கள்தான், அளவு பெரியது. அங்கே அதிகம் பார்ப்பவை:

ஜம்பர், அதாவது ரேடியோவை ஆன்டெனாவோடு இணைக்கும் சிறு கேபிள், மாறிப்போவது. முதல் செக்டாரின் (டவர் பார்க்கும் ஒரு திசையின்) ஒரு கேபிளும் ரெண்டாவது செக்டாரின் ஒரு கேபிளும் இடம் மாறினால் அலாரமே அடிக்காது. வி.எஸ்.டபிள்யூ.ஆர். (அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவு) 1.2 என்று கச்சிதமாகக் காட்டும். ஆனால் ஒரு ஓட்டம் வடக்கே, மற்றது தென்கிழக்கே போகும். ரெண்டு செக்டாரிலும் ரேங்க் 2 விகிதம் மட்டும் தரைமட்டம். ஒரு போர்ட்டை மூடிவிட்டுக் கீழே நடந்து அளந்தால்தான் பிடிபடும்.

துரு. பெசன்ட் நகர், கோவளம் பக்கம் உப்புக்காற்றில் போல்ட்டும் முனையும் துருப்பிடித்தால் ரெண்டு அலைகள் கலந்து மூன்றாவது பிறக்கும், பிம் என்போம். 1810-உம் 1875-உம் அனுப்பினால் ரெண்டு மடங்கு 1810 கழித்தல் 1875, அதாவது 1745-இல் இரைச்சல் பிறக்கும். அது மேலேறும் அலைவரிசைக்குள் சரியாக விழுகிறது. ஒரு கிளையில் மட்டும் இரைச்சல்தளம் ஏறும். ரெண்டு கிளைக்கும் 3 டி.பி.க்கு மேல் வித்தியாசம் என்றால் முனைகளைத் தட்டிப்பார்க்கக் கிளம்ப வேண்டியதுதான்.

8டி8ஆர் ஆன்டெனாவில் 9 போர்ட் இருக்கும். ஒன்பதாவது கட்டச் சமன் செய்வதற்கு. 2300-இல் கேபிளுக்குள் அலைநீளம் 11 செ.மீ. பக்கம். ஒரு செ.மீ. வித்தியாசத்துக்கு 33 டிகிரி கட்டம் பிசகும். அந்த ஒன்பதாவது கேபிளைச் சரியாக இறுக்காமல் விட்டால் எட்டு ஆன்டெனாவும் வேலை செய்யும், கதிர் மட்டும் எங்கேயோ பார்க்கும்.

கட்டடத்துக்குள் போடும் விநியோக ஆன்டெனாக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வளாகங்களில் 2ஜி, 3ஜி காலத்தில் ஒற்றைக் கேபிள் இழுத்திருப்பார்கள். அதன்மேல் எந்தப் புதிய ரேடியோவை மாட்டினாலும் ரேங்க் 1. கூரையைத் திறந்து ரெண்டாவது கேபிள் இழுக்காமல் தப்பிக்க வழியில்லை.

#20 முழுசிக்னல்

அப்ப லிஃப்ட் பக்கத்துல ஃபுல் பார் இருந்தும் வீடியோ சுத்துறதுக்கு இதான் காரணமா 😅

#21 ஃபீடர்_ஜம்பர்

ஒற்றைக் கேபிள் ஒரு காரணம். அந்தச் செல்லை எத்தனை மாடி பங்குபோடுகிறது என்பதையும் பார்க்கணும்.

#22 நாவலூர்_ஒன்பதாம்மாடி

கேபிளோடதான் போச்சு. ஒரு முனையில் ஊசி உள்வாங்கியிருந்தது, அந்தக் கேபிளை மாத்தியாச்சு. இப்ப மைனஸ் 77, மைனஸ் 78. பேனலை டவருக்கு 20 டிகிரி இடப்பக்கம் திருப்பினதில் எஸ்.ஐ.என்.ஆர். 17. ரேங்க் 2 நிக்குது. பேண்ட் 40 (2300 மெகாஹெர்ட்ஸ்) தானா வந்து ஒட்டிக்குது சில நேரம், அப்ப எஸ்.ஐ.என்.ஆர். 9. பேண்டைப் பூட்டிடலாமா?

#23 அலைநீளம்

அகலத்தையும் பாருங்கள். 64 குவாமில் (ஒரு குறியீட்டில் 6 பிட் ஏற்றும் முறையில்), ரெண்டு ஓட்டத்தில், 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பேண்ட் 3-இன் உச்சம் 75 எம்.பி.பி.எஸ்., 20 என்றால் 150. பேண்ட் 40-இல் 20 மெகாஹெர்ட்ஸ் இருந்தாலும் நேரத்தை மேலேற்றத்துக்கும் கீழிறக்கத்துக்கும் பங்கிடுவதால் 110 பக்கம்தான். உங்கள் பேண்ட் 3 அகலம் 5 என்றால் பூட்டாதீர்கள். 10-ஓ அதற்கு மேலோ என்றால், 17-இல் நிற்கும் ரேங்க் 2-ஐ விட்டுவிட்டு 9-க்குப் போக வேண்டிய அவசியமில்லை. கூட்ட நேரத்தில் ரெண்டையும் தனித்தனியாகப் பூட்டி அளந்து முடிவு பண்ணுங்க.

#24 சுழியம்_டிகிரி

பூட்டுவதானால் பேண்டை மட்டும் பூட்டுங்கள், செல்லைப் பூட்டாதீர்கள். அந்த டவரில் கரண்ட் போய் பேட்டரியும் இறங்கிவிட்டால் ரவுட்டர் வேறெதையும் தேடாமல் அப்படியே நிற்கும்.